இருபத்தாறு முறை ‘நேற்றுபோலவே’

ஒப்பிட்டுப் பேசுவதைச் சின்னவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவள் வளர்ந்ததே அதில்தான். அக்காவைவிட நிறம் மட்டு, அக்காவைவிட உயரம் மட்டு, கணக்கு என்று வந்தால் அக்காவின் கால் தூசு. வீட்டில் பெரியவள், சின்னவள் என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பத்தெட்டு வயதாகி, படியேறும்போது முட்டி பேசத் தொடங்கிய பிறகும் சின்னவள் சின்னவள்தான். வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் அவளை எல்லோரும் சின்னக்கா என்றார்கள். அக்கா போனில் கூப்பிடும் சத்தம் அந்த வராந்தா முழுக்கக் கேட்டிருந்தது.

அவள் இந்த வேலைக்கு வந்தது ஆசைப்பட்டு அல்ல. மாமியார் படுக்கையில் விழுந்து நான்கு வருடம் கிடந்தார். அந்த நான்கு வருடத்தில் முதுகில் ஒரு புண் வரவிடாமல் பார்த்துக்கொண்டாள். மாமியார் போன பிறகு, தெரிந்த ஒரே வேலையை ஊதியத்துக்குச் செய்தால் என்ன என்று ஆறு மாதப் பயிற்சிக்குப் போனாள். கட்டிலில் இருப்பவரைத் தூக்கும்போது முதுகை வளைக்காதே, முட்டியை வளை. கழுவும்போது முகத்தில் ஆரம்பி. எதைச் செய்யப் போகிறாயோ அதை முதலில் சொல்லிவிட்டுச் செய். இவையெல்லாம் ஏற்கெனவே கைக்கு வந்திருந்தன. பயிற்சியில் பெயர் மட்டும் கிடைத்தது. பதினோரு வருடமாக இல்லத்தின் முதல் மாடியில் எட்டுக் கட்டில்கள் அவள் பொறுப்பு.

சிக்கல் இங்கிலீஷில் வந்தது. இல்லத்தை நடத்துபவர்கள் மாறினார்கள். ஒவ்வொரு ஷிப்ட் முடியும்போதும் அடுத்து வருபவருக்காக எழுதிவைக்கும் நோட்டு இனி இங்கிலீஷில்தான் இருக்க வேண்டும் என்று மேட்ரன் அறிவித்தார். மூன்று மாதம் சோதனைக் காலம். அதற்குள் எழுத வராதவர்கள் கீழே, துணி துவைக்கும் அறைக்கு. அங்கே நான்கு இயந்திரங்களும் ஒரு மேசையும் உண்டு. பேசுவதற்கு ஆள் கிடையாது. சின்னவளுக்கு அதுதான் பயம். துணியை அவள் வெறுக்கவில்லை. ஆனால் மனிதர்களைத் தொட்டுச் செய்யும் வேலையிலிருந்து எடுத்துவிட்டால் தன்னிடம் மிச்சம் என்ன இருக்கும் என்று யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் தட்டுப்படவில்லை.

நோட்டில் எழுதுவது உண்மையில் கடினமே இல்லை என்று உடன் வேலை பார்ப்பவள் காட்டிக்கொடுத்தாள். அவளுக்குக் கடியாரம் என்று பட்டப்பெயர். இரண்டு மணி அடித்தால் தூக்கிய பக்கெட்டைக்கூட அந்தரத்தில் விட்டுவிட்டுப் போகக்கூடியவள்.

“ஒரே ஒரு வார்த்தை போதும்க்கா. சேம். நேத்து மாதிரியேன்னு அர்த்தம். நேத்து எழுதினவங்களும் அதத்தான் எழுதியிருப்பாங்க. கையெழுத்தப் போட்டுட்டு கிளம்ப வேண்டியதுதான்.”

சாப்பாடு, சேம். தூக்கம், சேம். நடை, சேம். பக்கம் பக்கமாகப் புரட்டினால் ஒரே சொல்தான் எறும்பு வரிசை போலப் போய்க்கொண்டிருந்தது. சின்னவளும் அந்த வரிசையில் சேர்ந்துகொண்டாள். ஆனாலும் மேட்ரன் சோதிக்கும்போது இரண்டு வாக்கியம் எழுதச் சொன்னால் மாட்டிக்கொள்வோமே என்று மாலை வகுப்பில் சேர்ந்தாள்.

வகுப்பு ஒரு சைக்கிள் கடையின் மேல்மாடியில் நடந்தது. டியூப் ஒட்டும் பசையின் வாடை படியேறி வரும். வாத்தியார் பகலில் கூரியர் அலுவலகத்தில் வேலை செய்பவர். சட்டைக் கையில் ஒட்டுநாடாத் துண்டு ஒன்று எப்போதும் தொங்கும். மாணவர்கள் ஏழு பேர். வங்கி வாசலில் நிற்கும் காவலாளிதான் அதில் வாயாடி.

அன்று வாத்தியார் பலகையில் மூன்று பத்தி போட்டார். முதல் பத்தியில் சும்மா ஒரு குணம். இரண்டாவதில் இரண்டு பேரை ஒப்பிட்டால் அது எப்படி மாறும் என்று. மூன்றாவதில் எல்லோரையும்விட என்று. தமிழில் ‘விட’ என்று ஒன்றைச் செருகினால் வேலை முடிந்தது. இங்கே சொல்லுக்கே வால் முளைத்தது: ஷார்ட், ஷார்ட்டர், ஷார்ட்டெஸ்ட். நீளமான சொற்களுக்கு வால் ஒட்டாதாம். முன்னால் மோர் என்று ஓர் ஆளை நிறுத்த வேண்டுமாம். குட் மட்டும் பெட்டர், பெஸ்ட் என்று அடையாளமே தெரியாமல் போனது.

“எங்க மானேஜர் மாதிரி சார்,” என்றார் காவலாளி. “ஒவ்வொரு ப்ரமோஷனுக்கும் ஆளே மாறிடுவாரு.”

ஒல்லிக்கு ‘தின்’ என்று வாத்தியார் எழுதியபோது வகுப்பே சிரித்தது. தின்னாதவனுக்குப் போய் அந்தப் பெயரா என்று ரொட்டிக்கடைக்காரி கேட்டாள். சின்னவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே நோட்டில் மூன்று பத்தியையும் எழுதிக்கொண்டாள்.

வாத்தியார் ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னார். இரண்டாவது பத்தியை எழுதினால் எதைவிட என்பதையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் அது அந்தரத்தில் தொங்கும். வீட்டுப்பாடமாகப் பத்து வாக்கியம் கேட்டார். புத்தகத்தில் இருக்கும் யானையும் எறும்பும் வேண்டாம். வேலை செய்யும் இடத்தில் கண்ணில் படுவதை ஒப்பிட வேண்டும்.

மறுநாள் மதிய ஓய்வில் சின்னவள் மாடி அறையின் ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். நான்காம் கட்டில்காரர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். தூக்கத்திலும் கியர் மாற்றுவதுபோல் வலது கை அசையும். ஐந்தாம் கட்டில்காரர் தையல்காரர். வந்து பத்து வாரம் ஆகிறது. தானே குளித்து, தானே உடுத்தி, தன் சட்டைக் காலரைத் தானே நீவிக்கொள்ளும் மனிதர். இப்படி ஒருவர் இருந்தால் பணியாளர்களுக்கு வேலை மிச்சம். அதனாலேயே அவர் பக்கம் அதிகம் பார்வை போவதில்லை.

கதவு ஜன்னலைவிட உயரம் என்று எழுதினாள். தலையணை மெத்தையைவிடப் பழசு. டிரைவரின் குறட்டை மின்விசிறியைவிடச் சத்தம். ஐந்தாவது வாக்கியத்துக்கு இரண்டு கட்டிலையும் பார்த்தாள். டிரைவர் தையல்காரரைவிடக் குண்டு என்று எழுதினாள். வால் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தாள், ஒட்டியிருந்தது.

பேனாவை மூடப் போனவள் நிறுத்தினாள். தையல்காரர் வந்த அன்று பயணக் களைப்பில் சக்கர நாற்காலியில் வந்தவரைக் கட்டிலுக்கு மாற்ற இவளும் கடியாரமும் இரண்டு பக்கமும் பிடித்தார்கள். கடியாரம் மூச்சு வாங்கிக்கொண்டே, “பக்கத்துக் கட்டில்காரர் இவருல பாதிகூட இல்ல,” என்று சொல்லியிருந்தாள். பாதி என்பது கடியாரத்தின் கணக்கு; இருந்தாலும் அன்று குண்டு இவர், ஒல்லி அவர். பத்து வாரத்தில் இருவரும் இடம் மாற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பத்து வாரமும் நோட்டில் சேம்.

பொய் என்றும் சொல்ல முடியாது. நேற்றைக்கும் இன்றைக்கும் எவரும் இளைத்துவிடுவதில்லை. நேற்றை நேற்று முன்தினத்தோடு, இன்றை நேற்றோடு என்று ஒப்பிட்டுக்கொண்டே போனால், மனிதன் ஜன்னல் கம்பி வழியாக நுழையும் அளவுக்கு இளைத்தாலும் எல்லா நாளும் நேற்றுபோலத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை எடை பார்க்க வேண்டும் என்று விதி இருந்தது. எடை இயந்திரம் கீழே டாக்டர் அறையில். படியிறங்க முடியாதவர்களை லிப்டில் கொண்டுபோனார்கள். திடமாக நடமாடுபவர்களை ‘அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டார்கள்.

ஆனால் இடுப்பில் கால்சட்டை நிற்கிறதே? இளைத்தவனுக்குக் கால்சட்டை நழுவ வேண்டாமா? சலவைக்குப் போடவிருந்த கூடையிலிருந்து தையல்காரரின் கால்சட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். இடுப்புப்பட்டியின் உள்பக்கம் மூன்று வரித் தையல். ஒன்றுக்குள் ஒன்று, ஒவ்வொன்றும் அரை விரற்கடை உள்ளே தள்ளி, இயந்திரம் தோற்கும் நேர்த்தி. மறுபக்கமும் அதேபோல. கூட்டிப் பார்த்தால் மூன்று விரற்கடைத் துணி மடிப்புக்குள் ஒளிந்திருந்தது.

ஊசியும் நூலும் மாடியில் யாரும் வைத்துக்கொள்ளக் கூடாது. அது எங்கே இருக்கும் என்று அவள் அதிகம் தேடவில்லை. திரைச்சீலையின் அடிமடிப்பைத் தடவினாள். விரலில் குத்தியது.

தையல்காரர் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்டுபிடிச்சிட்டியாம்மா,” என்றார்.

“ஏன் ஐயா சாப்பிடறதில்ல?”

“தட்டு காலியாத்தானே போகுது.”

சின்னவள் நான்காம் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். குறட்டை நின்று வெகுநேரம் ஆகியிருந்தது. டிரைவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தார்.

“அண்ணே, நடிக்காதீங்க.”

“வீணாப் போகக்கூடாதுன்னுதாம்மா,” என்றார் டிரைவர் கண்ணைத் திறக்காமலே. “எனக்கு மட்டும் ரெண்டு பேர் சாப்பாடு சாப்பிட ஆசையா? வயிறு எப்படி வலிக்குது தெரியுமா? நண்பனுக்காகச் சுமக்கிறேன்.”

“முட்டை மட்டும் கேட்டு வாங்கிக்குவான்,” என்றார் தையல்காரர்.

விஷயம் மெல்ல வந்தது. மேல் பல்செட்டில் ஒரு ஓரம் உடைந்து, உள்கன்னத்தில் அறுத்துக்கொண்டிருந்தது. மென்றால் உயிர் போகும். சொல்லியிருக்கலாம். ஆனால் சாப்பிட முடியாதவர்களைக் கீழ்த்தளத்தில் ஊட்டிவிடும் அறைக்கு மாற்றுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். அங்கே கழுத்தில் துண்டைக் கட்டி, கரண்டியை வாயருகே கொண்டுவந்து ஆ காட்டச் சொல்வார்கள். ஐம்பது வருடம் ஊருக்கே அளவெடுத்த மனிதர் தன்னுடைய அளவு அங்கே போய் நிற்பதை விரும்பவில்லை. கால்சட்டை நழுவினால் கேட்பார்கள் என்று, நழுவ நழுவப் பிடித்துத் தைத்துவிட்டார்.

“கீழ அனுப்பிடுவாங்கம்மா. எழுதிடாத. இன்னொரு வாரம் பாரு, ஆறிடும்.”

சின்னவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, இப்போது வாய்க்குள் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பல்செட்டைக் கழற்றிப் பார்த்தாள். புண் ஒரு பட்டாணி அளவு இருந்தது, ஓரம் வெளுத்திருந்தது. ஒரு வாரத்தில் ஆறும் புண் இல்லை. அதை அவரிடம் அப்படியே சொன்னாள். ஊசியைக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்குப் புதன்கிழமை. சோதனைக் காலம் வெள்ளியோடு முடிகிறது. கடியாரத்திடம் சொன்னபோது அவள் உடனே ஒரு வழி கண்டுபிடித்தாள். கடியாரத்துக்கு நல்ல மனசுதான், நேரம்தான் கிடையாது. பல் உடைந்திருக்கிறது என்று மட்டும் எழுதிவிடு, பல் டாக்டர் வந்து உடைந்த ஓரத்தை ராவிக்கொடுத்துவிட்டுப் போவார், மனிதர் தானாகத் தேறிவிடுவார், மற்றதை எதற்குக் கிளற வேண்டும் என்றாள்.

“அந்த ரூமுக்கு யார் யார் சேம்னு கையெழுத்துப் போட்டிருக்கோம்னு எண்ணிப் பாத்தீங்களா? உங்களுது மட்டும் இருபத்தாறு. நான் எண்ணிட்டேன். இளைச்சுட்டாருன்னு இன்னிக்கு எழுதினா, அந்த இருபத்தாறும் பொய்யின்னு நீங்களே எழுதிக் குடுக்கறீங்க. வெள்ளிக்கிழமை கீழதான்.”

“உன்னுது எத்தனை?”

“முப்பத்தொண்ணு,” என்றாள் கடியாரம். “அதனாலதான் எண்ணினேன்.”

மணி இரண்டடித்தது. கடியாரம் போய்விட்டாள்.

சின்னவள் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடியாரம் சொன்னதில் தவறில்லை என்றுதான் முதலில் தோன்றியது. பல்லைச் சொல்லியாகிவிட்டால் பிறகு என்ன? ஆனால் பயிற்சியில் ஒன்றைச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் நோயாளியைப் பார்ப்பது ஐந்து நிமிடம்; மீதி நாளை அவர் நோட்டில்தான் பார்க்கிறார். பல் மட்டும் தெரிந்த டாக்டர் பல்லை ராவிவிட்டுப் போவார். பத்து வாரமாகச் சரியாகச் சாப்பிடாத உடம்பு என்பது தெரிந்தால்தான் ரத்தத்தைப் பார்ப்பார், மருந்தின் அளவைக் குறைப்பார். தையல்காரர் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுபவர். குண்டாக இருந்தபோது எழுதிக்கொடுத்த அளவு.

சரி, எழுதிவிடலாம். எதைவிட என்று எழுத வேண்டுமே. நேற்றைவிட என்றால் அது பொய். வந்த நாளைவிட என்றால் உண்மை. அந்த உண்மையில் இருபத்தாறு கையெழுத்தும் வந்து சேர்ந்துகொள்கிறது. அக்காவைவிட மந்தம் என்று சின்ன வயதில் சொன்னவர்கள் இதைக் கேள்விப்பட்டால் என்ன சொல்வார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். சொல்லிவிட்டுப் போகட்டும் என்று பேனாவைத் திறந்தாள்.

எழுத நாற்பது நிமிடம் பிடித்தது. வந்த நாளைவிட ஒல்லி என்று எழுதினாள். இடுப்பில் மூன்று விரற்கடை பிடித்துத் தைக்கப்பட்டிருக்கிறது. பல்செட் உடைந்து வாயில் புண். சாப்பாடு பக்கத்துக் கட்டிலுக்குப் போகிறது. பக்கத்துக் கட்டில்காரர் வந்த நாளைவிடக் குண்டு. கடைசியாக, நான் இருபத்தாறு நாள் சேம் என்று எழுதினேன், நான் பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். எழுத்துப்பிழை நாலைந்து இருந்திருக்கும். ஒல்லிக்கு வால் ஒட்டும்போது ஓர் எழுத்து இரட்டிக்க வேண்டும் என்பது மட்டும் நினைவிருந்து சரியாகப் போட்டாள்.

மறுநாள் காலை மேட்ரன் கூப்பிட்டார். மேசையில் நோட்டு விரித்திருந்தது. மேட்ரன் கோபத்தில் கத்துகிறவர் அல்ல. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஏற்கெனவே துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஆறு பேர் பத்து வாரமா சேம்னு எழுதியிருக்காங்க. நீங்களும் எழுதியிருக்கீங்க. நேத்து ஒரு நாள் வேற மாதிரி எழுதியிருக்கீங்க. நான் எதை நம்பறது?”

“நேத்து எழுதினத நம்புங்க மேடம். அது பாத்து எழுதினது.”

“மத்ததெல்லாம்?”

“முந்தின பக்கத்தப் பாத்து எழுதினது.”

மேட்ரன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். தையல்காரரை லிப்டில் இறக்கி எடை பார்த்தார்கள். வந்த நாளைவிட ஏழு கிலோ குறைவு. டாக்டர் வந்தார், மாத்திரையின் அளவைப் பாதியாக்கினார். இன்னும் சில வாரம் விட்டிருந்தால் ஒருநாள் காலையில் எழுந்து நின்றவுடன் தலைசுற்றி விழுந்திருப்பார், விழுந்தால் இடுப்பெலும்புதான் என்றார். பல் டாக்டர் பல்செட்டை ராவி, புண் ஆறும்வரை சூப்பும் குழைத்த சாப்பாடும் எழுதிக்கொடுத்தார்.

ஊட்டிவிடும் அறைக்கு மாற்ற வேண்டுமா என்று மேட்ரன் கேட்டபோது சின்னவள் அங்கேயே நின்றிருந்தாள். அவர் கைக்கு ஒன்றும் ஆகவில்லை, வாய்க்குத்தான் ஆகியிருக்கிறது, கரண்டி பிடிப்பார் என்று சொன்னாள். தையல்காரர் மாடியிலேயே இருந்தார்.

சின்னவள்தான் கீழே போனாள். அவள் மட்டுமல்ல, அந்த அறைக்குச் சேம் எழுதிய ஆறு பேரையும் ஆளுக்கு ஒரு மாதம், முறை வைத்துத் துணி துவைக்கும் அறைக்கு அனுப்பினார் மேட்ரன். முதல் மாதம் இவளுக்கு. அதன் பிறகு சோதனைக் காலம் மறுபடி முதலிலிருந்து.

அக்கா போன் செய்தாள். இத்தனை வருடம் வேலை பார்த்துக் கடைசியில் துணி துவைக்கவா, உன்னைவிட ஏமாளி ஊரில் கிடையாது என்றாள்.

“ஊர்ல எத்தனை பேரப் பாத்திருக்க, பெரியவளே?” என்று கேட்டாள் சின்னவள். அக்காவை அவள் திருப்பிக் கேட்டது நாற்பத்தெட்டு வருடத்தில் அது முதல் தடவை.

வாத்தியார் வீட்டுப்பாட நோட்டைத் திருத்தித் தந்தார். பத்துக்கு எட்டு. மூன்றாவது பத்தியில் ஒரு வாக்கியம்கூட எழுதவில்லையே, எல்லோரையும்விட என்று ஒருவரைக்கூடச் சொல்ல முடியாதா என்று கேட்டார். எல்லோரையும் பார்த்து முடித்த பிறகு எழுதுவதாகச் சொன்னாள். காவலாளி, அதற்குள் பரீட்சை வந்துவிடும் என்றார்.

துணி துவைக்கும் அறையில் பேச ஆள் இல்லை என்பது உண்மைதான். ஆனால் மாடியில் எட்டுக் கட்டில்தான் அவளுக்குத் தெரியும். இங்கே நாற்பது கட்டிலின் துணியும் வந்து விழுந்தது. யாருடைய பெல்ட்டில் புதிதாக ஓட்டை விழுந்திருக்கிறது, யாருடைய சட்டைப் பொத்தான் பிய்த்துக்கொண்டு நிற்கிறது, யாருடைய தலையணை உறையில் சாப்பாட்டுத் துணுக்கு இருக்கிறது என்று மடிக்கும்போதே தெரிந்தது. ஒரு தாளில் கட்டில் எண்ணைப் போட்டு இரண்டு சொல் எழுதி, மடித்த துணியோடு தினமும் மேலே அனுப்பினாள். முதல் வாரம் அதை யாரும் படிக்கவில்லை. இரண்டாம் வாரம், பன்னிரண்டாம் கட்டில்காரியின் காலுறை இறுகிவிட்டது, கால் வீங்கியிருக்கிறதா பாருங்கள் என்று எழுதினாள். வீங்கித்தான் இருந்தது. அதன்பின் அந்தத் தாளை மேட்ரனே வந்து வாங்கிக்கொண்டு போனார். நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போடப்பட்டது. மேலே ‘வந்த நாளைவிட’ என்று அச்சடித்திருந்தது. அதையும் பார்க்காமல் நிரப்புகிறவர்கள் நிரப்பத்தான் செய்வார்கள். அதற்குச் சின்னவளிடம் மருந்து இல்லை.

மாதம் முடிந்து மாடிக்குத் திரும்பியபோது, கீழே போகும் முறை கடியாரத்துடையது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினாள்.

டிரைவர் இளைத்திருந்தார். வந்ததும் வராததுமாகப் புகார் சொன்னார்.

“நீ எழுதினதுல எனக்குத்தாம்மா நஷ்டம். இவன் இப்ப ஒரு பருக்கை தர்றதில்ல.”

“முட்டையாவது தர்றாரா?”

“அதுவும் அவனே,” என்றார் டிரைவர்.

தையல்காரர் எழுந்து நின்று கால்சட்டையைக் காட்டினார். பொத்தான் போடத் திணறிக்கொண்டிருந்தார். எடை மூன்று கிலோ கூடியிருந்தது, ஏழு கூடவில்லை. ஊசிக்காகக் கையை நீட்டினார். சின்னவள் ஊசியைத் தரவில்லை, அது மேட்ரனின் இழுப்பறையில் இருந்தது. கால்சட்டையை மடியில் போட்டுக்கொண்டு, நகம் வெட்டும் சின்னக் கத்தரியால் அவளே பிரிக்க உட்கார்ந்தாள். எத்தனை வரி பிரிக்க வேண்டும் என்று கேட்டாள்.

“ஒரு வரி,” என்றார் தையல்காரர். “மிச்சத்த அடுத்த மாசம் எடை பாத்துட்டுப் பிரி.”